பெயர் எழுத வேண்டாத தாள்

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையைத் திறந்து பார்த்துவிட்டு, இவ்வளவு தாள் எதற்கு என்று கேட்டார். துணி கொஞ்சம், எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில், மிச்சமெல்லாம் கேள்வித்தாள். மனநலம் பற்றிய ஆராய்ச்சி என்றேன். யாருடைய மனநலம் என்றார். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுடையது என்றதும் பையை மூடி, போகலாம் என்று கை காட்டிவிட்டார். ஊறுகாயைத்தான் ஒரு நிமிடம் சந்தேகமாகப் பார்த்தார்.

அப்போது நான் கோயம்புத்தூரில் உளவியல் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். தலைப்பு பேராசிரியர் கொடுத்தது. ஒரே மொழி, ஒரே தொழில், இரண்டு நாடு. மனத்துயரம் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கிறதா? கேள்விகளை ஏதோ ஒரு குளிர் நாட்டில் எழுதியிருந்தார்கள், நான் தமிழாக்கினேன். நீலகிரியில், இரண்டு அரசாங்கமும் போட்ட பழைய ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் குடியிருக்கும் ஒரு கோத்தகிரிக் காலனியில் அறுபது தாள்களை முந்தைய வருடமே நிரப்பி முடித்திருந்தேன். அங்கே சிலர், இதை அந்தப் பக்கமும் போய்க் கேட்பீர்களா என்றார்கள். கட்டாயம் கேட்பேன் என்று பெருமையாகச் சொன்னேன். இப்போது இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம் அறுபது வேண்டும். போர் நிறுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். இப்போது விட்டால் இனி எப்போதோ என்று பேராசிரியர் விரட்டினார்.

தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு வட்டம் போட்டிருந்தேன். முதலாவது மிளகு அளவு, நாலாவது எலுமிச்சை அளவு. 'அழுகை வருகிறதா?' என்றால், இல்லவே இல்லை என்பவர் மிளகைத் தொட வேண்டும், எந்நேரமும் என்பவர் எலுமிச்சையைத் தொட வேண்டும். தாளில் பெயர் எழுதக் கூடாது. சம்மதம் என்று வேறொரு தாளில் பெயர், அப்பா பெயர், பிறந்த ஊரோடு கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவேன். பெயர்த் தாள் ஒரு கட்டு, வட்டத் தாள் ஒரு கட்டு. எது யாருடையது என்று கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்கக் கூடாது. அதுதான் எங்கள் படிப்பின் ஒழுக்கம்.

தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான பெல்மதுளைக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். உட்கார்ந்திருந்த ஒரு சிங்களப் பெண்மணி கேட்காமலே என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே தவிர, நிற்கிறவள் நீட்டாமல் அவள் சுமையை யாரும் வாங்குவதில்லை. எஹலியகொட தாண்டியதும் டயர் வெடித்தது. மழையில் இறங்கி ஒரு கடை ஓரத்தில் நின்று, காரமான பருப்பு வடையும் சாயத் தண்ணியும் சாப்பிட்டேன். பால் இல்லாத தேநீருக்கு அங்கே அப்படிப் பெயர், சீனியைக் கையில் தனியாகக் கொடுத்து நக்கிக்கொண்டே குடிக்கச் சொல்கிறார்கள். பக்கத்தில் நின்ற இருவர் சிங்களத்தில் பேசியதை ஒரு முஸ்லிம் வியாபாரி எனக்கு மொழிபெயர்த்தார். "போன மழையில் என் கிணறு இடிந்தது, இந்த மழையில் வீடு போகும்" என்றாராம் ஒருவர். மற்றவர், "மாணிக்கக்கல் கிடைத்தால் இரண்டும் கட்டலாம்" என்றாராம். இருவரும் சிரிக்கவில்லை.

தோட்டத்தில் எனக்கு இடம் கொடுத்தவர் தொழிற்சங்கத் தலைவர் பாலகிருஷ்ணன். தலைவர் என்றால் பெரிய ஆள் இல்லை, அவரும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற தொழிலாளிதான், அந்தத் தோட்டத்துச் சனத்துக்காக நிர்வாகியான துரையிடம் பேசுகிறவர். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் அவருடைய ஒற்றை அறைக் காம்பராவில் ஆறு பேர், என்னோடு ஏழு. மறுநாள் காலை ஆறு மணிக்கு, வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் என்னை நிறுத்திப் பேசச் சொன்னார். நான் இந்தியாவிலிருந்து வருகிறேன், இதே கேள்விகளைக் கோத்தகிரியில் உள்ள உங்கள் சொந்தக்காரர்களிடமும் கேட்டேன், அவர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றேன். கூட்டம் சத்தமில்லாமல் நின்றது. அடடா, எவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள் என்று எனக்குப் பூரிப்பு.

அன்றும் மறுநாளும் வேலை மளமளவென்று நடந்தது. எல்லோரும் வந்தார்கள், எல்லோரும் மிளகையே தொட்டார்கள். தூக்கம் கெடுகிறதா? மிளகு. நம்பிக்கை போய்விட்டதா? மிளகு. தனிமையாக இருக்கிறதா என்று கேட்டபோது ஒருத்தி சிரித்தே விட்டாள், ஒரு காம்பராவில் ஏழு பேர், தனிமைக்கு எங்கே போவது என்று. கூரை ஒழுகும் வீட்டில், கால் நிறைய அட்டை கடித்த புண்ணோடு உட்கார்ந்து, ஒரு குறையும் இல்லீங்க மிஸ் என்றார்கள். கோத்தகிரியில் எல்லோரும் எலுமிச்சையையே தொட்டிருந்தார்கள். அங்கே உதவி ஏதோ வரப்போகிறது என்று நினைத்துப் போட்டார்கள் என்பது என் கணிப்பு. இங்கே என்ன நினைத்தார்கள் என்பது இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை மாலைதான் தெரிந்தது.

ரொட்டியும், மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தலைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மிஸ், கவலையா இருக்குன்னு சொன்னா இந்தியாவுக்கு ஏத்திருவாங்கன்னு சனம் பயப்படுது. முந்தி இப்படித்தான் எந்த நாடு வேணும்னு ஒரு ஃபாரம் வந்துச்சு. கையெழுத்து வச்சாங்க, அண்ணன் அங்க, தம்பி இங்கன்னு ஆயிருச்சு. இது அந்த ஃபாரம் இல்லைன்னு நான் வேணும்னா வெவரமாச் சொல்லிரவா?"

நான் யோசித்தேன். யோசித்துத்தான் சொன்னேன், வாய் தவறிச் சொல்லவில்லை. இன்னும் இருபது தாள் பாக்கி. இதனால் ஒரு நன்மையும் இல்லை, ஒரு கெடுதலும் இல்லை என்று தெரிந்தால் எவள் வேலை விட்டு வந்து எனக்காக உட்காருவாள்? தாள் முடியட்டும் அண்ணே, கிளம்புவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். அதே மூச்சில் வேறொரு விஷயமும் சொன்னார். புதுச் சட்டம் வந்திருக்கிறது. நாடு இல்லாமல் இருப்பவர்கள், பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர்கள், எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை பெல்மதுளைப் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டால் இலங்கைப் பிரஜை. அப்புறம் அடையாள அட்டை, அப்புறம் இந்த நாட்டுப் பாஸ்போர்ட். நல்ல செய்தி என்று சொல்லிவிட்டு இன்னொரு ரொட்டி கேட்டேன்.

சனிக்கிழமை அறுபது முடிந்து, தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது மருதாயி அக்கா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் பள்ளமாகப் பதிந்திருந்தது. எனக்கும் கேளுங்க மிஸ் என்று எதிரே உட்கார்ந்தார். சம்மதத் தாளை வாசித்துக் காட்டினேன். பெயர் எழுத மாட்டோம், எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் தாளைத் திருப்பிக் கேட்கலாம் என்பதுவரை வாசித்தேன். அதை முழுதாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் பாதியிலேயே விரலை நீட்டிவிடுவார்கள்.

"பேர் எழுதாட்டி எது யாருதுன்னு எப்படி மிஸ் தெரியும்?" என்று கேட்டார்.

தெரிய வேண்டியதில்லை, அதுதான் வசதி என்றேன். அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு முதல் கேள்விக்கு எலுமிச்சையைத் தொட்டார். அடுத்ததற்கும் அதுதான். தூக்கம், அழுகை, பசி, தனிமை, எல்லாவற்றுக்கும் அதையே, அவசரமில்லாமல், ஒவ்வொன்றையும் யோசித்துத் தொட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. ஒரு நல்ல தாள் கிடைத்துவிட்டது! முடிந்ததும், நாளைக்கு நம்ம காம்பராவில் சாப்பிட வாங்க என்று கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லயமே வெறிச்சோடிக் கிடந்தது. லொறியில் ஏறி எல்லோரும் பெல்மதுளைக்குப் போய்விட்டார்கள். மருதாயி அக்கா மட்டும் அடுப்படியில் இருந்தார். சிவப்பரிசிச் சோறு, பலா மூசில் கறி, கருவாட்டுக் குழம்பு, அப்பளம், எனக்கென்று ஒரு முட்டை. சிங்கள வீடுகளைப் போல பிஞ்சுப் பலாவைக் கொறுக்காய்ப் புளி போட்டுக் கறுப்பாக வேகவைத்திருந்தார், இறைச்சியே தோற்றது. இரண்டாம் தரம் சோறு வாங்கினேன். சாப்பிடும்போது அவர் தன் கதையைச் சொன்னார். கோத்தகிரியில் ஒரு மகன் இருக்கிறான், செல்வராஜ். இருபது வருடத்துக்கு முன் குடும்பத்துக்கே இந்தியப் பாஸ்போர்ட் வந்து, கப்பலுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அந்த வாரம் இவருக்குப் பிரசவம். புருசன் ஆறு வயது மகனைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனார், பச்சை உடம்பு தேறியதும் அடுத்த கப்பலில் நீ வா என்று. ரம்புக்கனை ஸ்டேசன் வரை போய் ரயிலேற்றிவிட்டு வந்தது இவருடைய தம்பிதான், இவர் ஆஸ்பத்திரியில். சண்டை வந்தது, கப்பல் நின்றது. சில வருடம் கடிதம் வந்தது. புருசன் இறந்த செய்தியோடு அதுவும் நின்றது.

நான் அவரிடம் ஏன் பெல்மதுளைக்குப் போகவில்லை என்று கேட்கவில்லை. அது என் தலையில் தோன்றவே இல்லை. சோறும் கதையும் நன்றாக இருந்தன. மனசைப் படிக்கிற படிப்பு படித்தவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணி வாக்கில் மகள் கோகிலா வந்தாள். அந்தப் பிரசவத்தில் பிறந்த பெண், கொழும்புப் பக்கம் ஆடை ஃபாக்டரியில் வேலை, கையெழுத்துக்காகவே லீவு போட்டு வந்தவள். காலையில் அம்மா பின் லொறியில் வருவார் என்று நம்பிப் போயிருக்கிறாள். கையில் ஃபாரம் கொடுத்ததற்கான துண்டுச் சீட்டு. வாசலில் நின்று அம்மாவை ஏன் வரவில்லை என்று கேட்டாள். மருதாயி அக்கா சாதாரணமாகச் சொன்னார்.

"நான் நேத்தே மிஸ்கிட்ட இந்தியா ஃபாரத்துல வச்சிட்டேன்ல. ரெண்டு நாட்டு ஃபாரத்துலயும் கையெழுத்து வச்சா ரெண்டும் இல்லாமப் போயிரும். எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு. ஒன் அண்ணனும் கோத்தகிரியில இதே ஃபாரத்துல வச்சிருப்பான், நான் இங்க வச்சிட்டேன். இனி அங்க கூப்பிட்டு விட்டுருவாங்க."

கோகிலா என்னைப் பார்த்தாள். "அது படிப்புக்கான பேப்பர்தானே?" என்று கேட்டாள். கொழும்பில் இருப்பவள், ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். ஆமாம் என்றேன். எச்சில் கையோடு சொன்னேன். மருதாயி அக்கா என் இலையில் ஊற்ற எடுத்த குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே திரும்ப வைத்தார்.

நாலு மணிவரை மேசை இருக்கும் என்றாள் கோகிலா. மூன்று பேரும் ஓடினோம். ஆட்டோ தோட்டத்துப் பாதையில் பாதி தூரம் போயிற்று, அதற்கு மேல் மதியம் பெய்த மழையில் சரிந்த மண். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்து, மெயின் ரோட்டுக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை, ஐந்து மணி வரை பஸ் இல்லை. ஒரு ரப்பர்பால் லொறிக்காரர் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் மருதாயி அக்கா சேலைத் தலைப்பில் சுற்றிய பாஸ்போர்ட்டை நெஞ்சோடு பிடித்திருந்தார். ஒருமுறை விரித்துக் காட்டினார். படத்தில் இருந்தது இருபத்தைந்து வயதுப் பெண், காதில் தோடு, முகத்தில் கொஞ்சம் திமிர். அதை வைத்து இனி எந்தக் கப்பலும் ஏற முடியாது, அது காலாவதியாகி வருடக்கணக்கு ஆகிறது என்று கோகிலா எனக்காகச் சொன்னாள். இங்கே கையெழுத்துப் போட்டால் அடையாள அட்டை கிடைக்கும், அதை வைத்துப் பாஸ்போர்ட் எடுத்து அண்ணனைப் பார்க்க ஒரு தடவையாவது போய்வரலாம் என்றும் சொன்னாள். மகனிடம் போக வேண்டும் என்பதற்காகத்தான் அவர் அதைப் போடாமல் இருந்தார். அந்த நினைப்பை அவர் தலையில் ஏற்றியது நான்.

பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டிகள் வேனில் ஏறிவிட்டன. ஒரு அதிகாரி மட்டும் குடையோடு நின்றார். மருதாயி அக்காவே போய் நல்ல சிங்களத்தில் பேசினார், கோகிலா எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அதிகாரி நல்ல மனுசர். "அம்மா, ஃபாரங்களை எண்ணிச் சீல் வைத்துவிட்டோம், இனி என்னால் திறக்க முடியாது" என்றார். இந்தப் பக்கத்துக்கு இதுதான் கடைசி நாள், இனிமேல் கொழும்புக்கு எழுதிப் போட வேண்டும், பிறப்புப் பத்திரம், தோட்டத்துக் கடிதம் எல்லாம் வேண்டும், எப்போது பதில் வரும் என்று தன்னால் சொல்ல முடியாது. ஏன் காலையில் வரவில்லை என்று கேட்டார். மருதாயி அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சமைக்க வேண்டியிருந்தது என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கோகிலா எங்கள் இருவருக்கும் பின்னால், தனியாக உட்கார்ந்துகொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். தலைவர் வெள்ளிக்கிழமையே கேட்டதையும், பிறகு சொல்லலாம் என்று நான் சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னேன். மருதாயி அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட்டைத் தலைப்பில் மறுபடி சுற்றி முடிந்துகொண்டு கேட்டார்.

"அப்ப அந்தத் தாள என்ன செய்வீங்க?"

எண்ணுவோம், கூட்டிக் கழிப்போம், ஒரு புத்தகம் எழுதி ஆசிரியரிடம் கொடுப்போம் என்றேன்.

"எப்ப வேணும்னாலும் திருப்பிக் கேக்கலாம்னு வாசிச்சீங்களே."

கேட்கலாம் என்றேன். அவருடைய தாளைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கட்டில் எலுமிச்சை இருந்தது அது ஒன்றில்தான். காம்பராவுக்கு வந்ததும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"இதுல என் பேரையும் மகன் பேரையும் எழுதுங்க. அவன்கிட்டக் குடுத்துருங்க. நான் எப்படி இருக்கேன்னு இதுல சரியாத்தான் சொல்லியிருக்கேன். வேற யார்கிட்டயும் இவ்வளவு சொன்னதில்ல."

எழுதினேன். பெயர் எழுதிய தாள் ஆய்வுக்கு உதவாது. மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், இது இந்திய அரசாங்க ஃபாரம் இல்லை, என் பரீட்சைக்கான தாள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். எல்லோரும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்கள். தலைவர் என்னோடு சந்திவரை வந்து, கொழும்புக்கு எழுதிப் போடுகிறோம் என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டார். விமானத்தில் ஊறுகாய் பாட்டில் திறக்காமலே திரும்பி வந்தது. அதை மருதாயி அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம், அந்தப் புத்திகூட அப்போது வரவில்லை.

கோயம்புத்தூர் வந்து கோத்தகிரிப் பெயர்க் கட்டைப் பிரித்தேன். ஏழாவது சம்மதத் தாளில் 'செல்வராஜ்' என்று கையெழுத்து இருந்தது, அப்பா பெயரும் பிறந்த தோட்டமும் மருதாயி அக்கா சொன்னவையே. அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறினேன். மழையில் அந்தக் காலனியும் லயம் போலத்தான் இருந்தது. தேயிலை ஃபாக்டரி ஷிஃப்ட் முடிந்து வந்தவர் என்னைப் பார்த்ததும், போன வருசம் வட்டம் தொடச் சொன்ன மிஸ்தானே என்றார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி, தாளைக் கொடுத்தேன். அம்மாவிடம் பாஸ்போர்ட்டுக்கு வழியில்லாமல் போனதையும் அது யாரால் என்பதையும் சொன்னேன்.

வட்டங்களை அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து முடித்தார். மேலே எழுதியிருந்த பெயரை மட்டும் இரண்டு தரம் படித்தார். பிறகு தலை நிமிராமலே கேட்டார்.

"என் தாள அம்மாகிட்டக் குடுத்தீங்களா மிஸ்? அந்தப் பக்கமும் போவேன்னு சொன்னீங்கன்னுதான் நான் எல்லாத்தையும் சரியாத் தொட்டேன்."

இல்லை என்றேன். கோத்தகிரிக் கட்டு என் அறையில்தான் இருக்கிறது. அறுபது தாள், அறுபதிலும் பெரிய வட்டங்கள். அவருடையது எது என்று எனக்குத் தெரியாது.